கரத்சேனா

டையின் முடிச்சு மறுபடியும் கோணலாக விழுந்தது. யாகோதா அப்பாவின் கழுத்திலிருந்து அதை அவிழ்த்துவிட்டு, சவப்பெட்டிக்குள் கிடந்த அவர் முகத்தைப் பார்த்தாள். கிராக்கோவ் நகரக் கல்லறைத் தோட்டத்தின் சிறிய பிரார்த்தனைக்கூடம். பாதிரியார் வர இன்னும் நேரமிருந்தது.

"கடைசியா என்னடி சொன்னார்?" அம்மா இர்மினா திரும்பவும் கேட்டாள். உயிர் பிரிந்த நேரத்தில் அவள் மருத்துவமனைக் கேன்டீனுக்குத் தேநீர் வாங்கப் போயிருந்தாள்.

"அதான் சொன்னேனேம்மா. கரத்சேனா."

"அது கரச்சான், அக்கா," என்றான் தம்பி செமோவித். "கரப்பான்பூச்சி. முந்தின நாளும் அப்படித்தான் முனகினார். நான் கட்டிலுக்கடியில குனிஞ்சு தேடினேன்."

யாகோதாவுக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அப்பா ஆயுள் முழுக்கப் பழஞ்சொல் அகராதியில் வேலை பார்த்தவர். கரத்சேனா என்றால், குதிரைப்படைத் தளபதிகள் ஒரு காலத்தில் அணிந்த இரும்புச் செதில் கவசம். இன்று அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. சூப் ஆறிப்போவது தெரியாமல் அவர்தான் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல் அது. நினைக்க நினைக்க, ஒரு சமயம் கவசமாகவும் ஒரு சமயம் பூச்சியாகவும் கேட்டது.

"எதுவா இருந்தா என்ன," என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் கூட இருந்தவ பேரு வாயில வரல."

"அப்படி இல்லம்மா. அது இத்தாலிக்காரங்ககிட்டயிருந்து வந்த வார்த்தை. அதுக்கும் பின்னாடி போனா லத்தீன்ல தோல்னு அர்த்தம். தோல் மேலதான் செதிலைத் தைப்பாங்க. உடம்போட ஒட்டியிருக்கிறது தோல்தான், இரும்பு அதுக்கு மேலதான். ஒருவேளை அப்பா உன்னைத்தான்..."

"இழுத்துப் பொருத்தாத. அவர் இருந்தா ஆதாரம் எங்கன்னு கேட்டிருப்பார்."

செமோவித்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு எதுவாகவோ மாறியது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

யாகோதா டையை மறுபடி முடிந்தாள். உன் பேரைத்தான் சொன்னார் என்று சொல்லிவிடலாம். அம்மா நம்பமாட்டாள். அதைவிட, நம்பிவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

சவப்பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்ற கல்லறைத் தோட்டத்து ஆள் மெல்லச் செருமினான். "மூடலாமாங்க?"

"கொஞ்சம் இருப்பா," என்றாள் அம்மா.

பெட்டியருகே வந்தாள். கணவரின் சட்டைக் கைப்பட்டியின் பொத்தானைக் கழற்றினாள். தன் கையை அந்தச் சட்டைக் கைக்குள், அவர் தோலோடு ஒட்டி, முழங்கை வரை நுழைத்து அப்படியே வைத்துக்கொண்டாள்.

அந்த ஆள் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் பெய்யும் மழையைப் பார்க்கப் போனான்.