ஆளில்லாத லாரி

டிரைவர் யாக்கூப்பின் இடுப்பு வலி ஊருக்குத் தெரிந்தது ஜும்மாவில்தான். தொழுகையில் குனிந்த மனுஷன் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகச் சுவரோரம் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவர் லாரி ஷெட்டுக்கு வந்து சேருவதற்குள் சேதி முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது. தென்காசியில் சேதிக்குப் பெட்ரோல் வேண்டியதில்லை.

முதலாளி வீரபாகு நல்லவர்தான். ஆனால் ஆரியங்காவு மலைப்பாதை வழியாகப் புனலூருக்கு வாரம் மூன்று நடை அரிசி போயாக வேண்டுமே.

"வே யாக்கூப்பு, பத்து நாள் பாக்கேன். சரியாகலைன்னா லாரி சாவிய வல்லிநாயகத்துகிட்ட குடுத்திருவேன். நீரு குடோன்ல எடை பாத்துக்கிட்டு இரும்."

யாக்கூப் லாரி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட லாரி அது. பதினாலு வருஷமாக அவரைத் தவிர வேறு யாரும் அதை மலை ஏற்றியதில்லை. அதைப் பிரிந்து மூட்டைகளோடு உட்காருவதா?

ஒரே ஒரு சிக்கல். வண்டி ஆறடி வெள்ளைக்காரனுக்காகச் செய்தது. யாக்கூப் ஐந்தடிக்கு ஓரங்குலம்தான் கூட. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆரம்பத்தில் செங்கோட்டை ஸ்டாண்டில் எவனோ, "ஆளில்லாத லாரி வருது டோய்" என்று கத்தப்போய், இவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சட்டையைப் பிடித்துவிட்டார். மறுநாளே சீட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டார். பிறகு ஒரு தலையணை. இப்போது வலிக்கு மருந்தென்று சொல்லி, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றும் ஏறியது. தலை கூரையில் இடித்தது. கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. ஒவ்வொரு கியருக்கும் நுனிவிரலால் எக்கி எக்கி மிதித்தார். வலி இரண்டு பங்கானது.

மனைவி ஜாஹிரா பீவி கடையநல்லூர் தறிக்காரர் வீட்டுப் பெண். எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "மெத்தை ஏற ஏற வலியும்லா ஏறுது. காலு தொங்குனா இடுப்பு என்ன செய்யும்? தம்பிய வந்து பாக்கச் சொல்லுதேன்."

"தறி நெய்யுதவனுக்கு லாரியப் பத்தி என்னட்டி தெரியும்?"

"உக்காரத் தெரியும்."

தம்பி கிதிர் முகம்மது ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு ஷெட்டுக்கு வந்தான். குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து மிதிக்கிறவன். வண்டியின் வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. மச்சானைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முழங்காலை மட்டும் பார்த்தான்.

"மச்சான், அடி வரைக்கும் மிதிச்ச பொறவும் முட்டு கொஞ்சம் மடங்கியிருக்கணும். எங்க தறியில ஆளுக்குத் தக்கனதான் பலகை போடுவோம்."

மெத்தை, தலையணை, சாக்கு மூன்றையும் இறக்கினான். தேங்காய் நாரைக் கெட்டியாக அடைத்துத் தைத்த பலகை ஒன்றை முதுகுக்குப் பின்னால் நிறுத்தினான். ஆள் ஒரு சாண் முன்னால் வந்தார். தொடையை அறுத்த சீட்டின் முன்விளிம்பைச் சரிவாகச் செதுக்கினான். மூன்று மிதிகளின் மேலும் மரக்கட்டை வைத்து முடுக்கினான். யாக்கூப்புக்குச் சுகமாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை.

"ஏலே, வெளியேருந்து பாத்தா நான் தெரியுதனா?"

கிதிர் சுற்றிப்போய்ப் பார்த்தான். மச்சினனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தொப்பி தெரியுது மச்சான்."

"எடுலே அந்தத் தலையணைய."

ஜாஹிரா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "ரோடு உங்களுக்குத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்ப சரி. ரோட்டுக்கு எதுக்கு உங்களைத் தெரியணும்?"

மறுநாள், கெடு முடியும் பத்தாம் நாள் காலையில், அரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பினார். செங்கோட்டை ஸ்டாண்டு நெருங்கியதும் கழுத்தை நீட்டி உட்கார்ந்தார். நினைத்தபடியே குரல் வந்தது: "ஆளில்லாத லாரி வருது டோய்."

கை கதவுப்பக்கம் போனது. இடுப்போ ஒன்றும் சொல்லாமல் இருந்தது. இத்தனை தூரம் வந்தும் வலிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஹாரனை ஒருதரம் அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மலை வளைவுகளில் எத்தனை கியர் மாற்றினாரோ, புனலூரில் எதையும் பிடிக்காமல் குதித்து இறங்கினார்.

சாயங்காலம் ஷெட்டு வாசலில் வீரபாகு நின்றிருந்தார். பக்கத்தில் சாவி வாங்க வந்த நெட்டை டிரைவர் வல்லிநாயகம். டிரைவர் இல்லாத லாரி ஒன்று நேராகத் தன்மேல் வருவதைக் கண்டு முதலாளி துள்ளி ஒதுங்கினார். வண்டி நின்றது. யாக்கூப் துள்ளிக் குதித்து இறங்கினார்.

வல்லிநாயகம் விடுவதாயில்லை. "ஒரு நடைய வச்சு எப்படி அண்ணாச்சி சொல்லுதது? நாளைக்குப் பிடிச்சுக்கிட்டா?"

"அப்ப மாத்து ஆளா நீரும் ஏறிப் பழகும்," என்றார் வீரபாகு.

வல்லிநாயகம் ஏறினார். ஒரு கால் உள்ளே போனது. மற்றது ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முழங்கால் தாடையைத் தொட்டது. இரண்டு சுமைகாரர்கள் பிடித்து இழுத்த பிறகுதான் மனுஷன் வெளியே வந்தார். வீரபாகு தோள் துண்டு நழுவ நழுவச் சிரித்தார்.

"பலகையக் கழத்திருவமா அண்ணாச்சி?" மரியாதைக்குக் கேட்டார் யாக்கூப்.

"தொட்டுராதேயும் வே. சாவி உம்மகிட்டயே இருக்கட்டும்."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வல்லிநாயகம் முணுமுணுத்தார்: "குட்டையனுக்குன்னு செஞ்ச வண்டில்லா இது."

சுமைகாரர்கள் யாக்கூப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினாலு வருஷமாக யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லாத வார்த்தை அது.

யாக்கூப் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆமா வே," என்றார். "எனக்குன்னே செஞ்சது."