சிவனாண்டியின் இடது முழங்கை

ஆற்றிலிருந்து எடுத்து வந்த நீர்மாலைத் தண்ணீரை அப்பா சிவனாண்டியின் உடல்மேல் ஊற்றிக்கொண்டிருந்த முத்திருளனுக்கு, அவருடைய இடது கை மட்டும் வசப்படவில்லை. வலது கை வைத்த இடத்தில் படுத்துக்கொண்டது. இடது கை முழங்கையில் மடங்கி, உள்ளங்கை விரிந்தபடியே நின்றது. உயிரோடு இருந்தபோதே அது முழுசாக நீண்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் கமலை மாடு இழுத்துத் தள்ளிவிட்டது என்று சிவனாண்டி சொல்லியிருந்தார்.

பிடித்துக்கொள்ள வந்த தாய்மாமன் கருப்புவிடம் அவன் அதைத்தான் சொன்னான்.

"எந்த மாடு?" என்றார் கருப்பு. "நீ பரங்குன்றத்துல விழுந்த வருஷந்தான? அந்த வருஷம் ரெண்டு மாடும் எங்க தொழுவுலல்ல நின்னுச்சு. உழவுக்கு வாங்கிட்டுப் போனேன்ல."

சொம்பு அந்தரத்தில் நின்றது. பாடையில் ஏற்ற வேண்டிய மனிதரைப் பார்த்துச் சந்தேகப்படுவது நல்ல மகனுக்கு அழகில்லை. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது.

அவர்கள் ஊரான கோச்சடையில் 'விழுந்த வருஷம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். திருப்பரங்குன்றத்துக் கோதாவில், ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த குஸ்தி அது. வழக்கப்படி ஆளுக்கொரு பிடி மண்ணெடுத்து எதிராளி கையில் கொடுத்துவிட்டு நின்றார்கள். அடுத்த மூச்சில் எதிராளியான பரங்குன்றத்துக் கருத்தக்கண்ணன் முத்திருளனின் கழுத்தைப் பிடித்தான். அதற்கடுத்த மூச்சில் அவன் மல்லாந்து வானம் பார்த்தான். அதன்பிறகு ஆறு மாதம் அவன் கோதாப் பக்கம் போகவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மறு வருஷம் வாடிப்பட்டியில் அதே கருத்தக்கண்ணனை அவன் சாய்த்தபோதுதான் ஊர் அவனை மறுபடி நிமிர்ந்து பார்த்தது. இன்றைக்கும் அவனுக்கு வாடிப்பட்டி முத்திருளன் என்றுதான் பெயர். அவனுக்கென்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு ஜெயம்தான்.

பாடை கட்டி முடிக்கும் நேரத்தில் அந்தக் கருத்தக்கண்ணனே தெருவில் வந்தான். மாலை கொண்டு வந்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். அவன் தோளில் புது வேட்டி, மடிப்புக் கலையாமல் கிடந்தது. இறந்தவர் மேல் புதுத்துணி போர்த்திக் கோடி போடுவது பெண் கொடுத்து எடுத்த வீட்டாரின் உரிமை. வேற்றாள் கோடியோடு வந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? சிவனாண்டிக்குப் பரங்குன்றத்தில் யார் இருந்தார்கள் என்று இரண்டு பேர் காதைக் கடித்துக்கொண்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அம்மா மாயக்காள் பாதியில் நிறுத்தி வந்தவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூக்கா, நெற்றியா, எதைத் தேடினாளோ, பிறகு சுருதி இறங்கித் தொடர்ந்தாள்.

கருப்பு முன்னால் போய், "நீ யாரு தம்பி கோடி போட?" என்று மறித்தார்.

போட விடாவிட்டால் பரவாயில்லை, கூட வருகிறேன் என்றான் கருத்தக்கண்ணன். கோடி அவன் தோளிலேயே இருந்தது.

முத்திருளனுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவன் சுருண்டு கிடந்த நாட்களில் அப்பாவுக்குத் திடீரென்று முருகன்மேல் பக்தி வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பரங்குன்றம் போனார். அதற்கு முன் கும்பிடு போட்டுக்கூடப் பார்த்ததில்லை. இல்லாத மாட்டால் முறிந்த கை, இப்போது இந்தக் கோடி. அப்பா இவன் காலில் விழுந்திருக்கிறார், மகனுக்கு விட்டுக்கொடு என்று கெஞ்சியிருக்கிறார். அப்படியானால் வாடிப்பட்டி?

பாடையைத் தோளில் சுமந்துகொண்டு வைகைக் கரைக்கு நடக்கையில் அவன் அந்தக் குஸ்தியை மனசுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் கருத்தக்கண்ணன் இன்னும் லேசாக விழுந்தான். தோளில் இருந்தவர் மேல் அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக்க வேண்டியிருந்தது. சற்றுத் தள்ளி நின்ற கருத்தக்கண்ணனிடம் போனான்.

"எங்கப்பா ஒன்னையப் பாக்க வந்தாரா?"

"வந்தாரு. ஏழு வெள்ளிக்கெழம."

"எனக்கு விட்டுக் குடுக்கச் சொல்லியா?"

கருத்தக்கண்ணன் அவனை நிதானமாகப் பார்த்தான்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். கேட்டா நாலு வார்த்த சொல்லி அனுப்பணும்னுதான் இருந்தேன். அவரு அதக் கேக்கல. 'எம் மகன எப்பிடிப் போட்டியோ, அப்பிடியே என்னையப் போடு'ன்னாரு."

முதலில் சிரித்தானாம். கிழவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோதாவுக்குள் இறங்கி, மண்ணெடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு நின்றாராம். பதமாகப் போட்டதற்கு, இது இல்லை, மெய்யாகப் போடு என்று சண்டைக்கு வந்தாராம். விழுவார், எழுவார், கால் எங்கே வழுக்குகிறது என்று குனிந்து பார்ப்பார், மறுபடி மண்ணெடுத்துக் கொடுப்பார். ஏழாவது வெள்ளிக்கிழமை முழங்கை போய்விட்டது.

"கட்டுப் போடையில வலி தாங்காமப் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. 'பின்னாடி போனாத்தான்டா விழுகுறேன், உள்ள வந்தா ஒன்னால ஒண்ணும் செய்ய முடியாது'ன்னாரு. நான் சொல்லிக் குடுக்கல. விழுந்து விழுந்து அவராக் கண்டுபுடிச்சாரு. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா வெக்கப்பட்டு மறுபடியும் படுத்துக்குவியாம்."

"வாடிப்பட்டியில?"

"எம் புடி எப்பிடி இருந்துச்சுன்னு ஒங் கழுத்தக் கேளு. எனக்கு ரெண்டு மாசம் தோளத் தூக்க முடியல."

முத்திருளனின் கை தானாகப் பிடரிக்குப் போனது. அந்த வலி பத்து நாள் இருந்தது.

"பெறகு எதுக்குக் கோடி?"

"அவரு கைய ஒடச்சவன் நானு. வெறுங்கையோட எப்பிடி வாரது?"

கையில் மூங்கில் பத்தைக் கட்டோடு அப்பா கட்டிலருகே வந்து நின்ற சாயங்காலம் முத்திருளனுக்கு ஞாபகம் வந்தது. கழுத்தைப் பிடித்தால் பின்னால் போகாதே, உள்ளே போ என்றார். கோதாவில் கால் வைத்தறியாத, ஏர் பிடிக்கும் சம்சாரி. ஒங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் கட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பிறகு வாடிப்பட்டிக் கோதாவில் அந்த வார்த்தைதான் அவனைக் காப்பாற்றியது. அதைப் பற்றி அவரிடம் அவன் ஒரு நாளும் பேசவில்லை. இனிமேல் பேசவும் முடியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

குழி தயாரென்று குரல் வந்தது.

"அண்ணே, அந்தக் கோடியக் குடுங்க," என்றான் கருத்தக்கண்ணனிடம்.

கருப்பு மறிக்க முன்னால் வந்தார். மருமகன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கோடியை மட்டும் போர்த்தி ஒதுங்கிக்கொண்டார். அதன் மேல் முத்திருளன் கருத்தக்கண்ணனின் வேட்டியை விரித்தான். கட்டுகளை அறுத்து உள்ளே இறக்கியபோது எல்லாம் துணிக்குள் அடங்கியது. இடது கை மட்டும் வெளியே, உள்ளங்கை விரிந்து நின்றது.

மகன் முதலில் மூன்று பிடி மண் போட வேண்டும். முத்திருளன் இரண்டு பிடி போட்டான். மூன்றாவதைப் போடவில்லை. குழியோரம் மண்டியிட்டு, நன்றாகக் குனிந்து, அதை அப்பாவின் இடது கையில் வைத்தான்.

வெட்டியான் மண்வெட்டியோடு காத்திருந்தான்.