இரண்டாவது பிரேக்

"வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் மனைவி.

"கியரைக் குறை."

"குறைச்சாச்சு. இதுக்கு மேல குறைச்சா இறங்கித் தள்ளத்தான் வேணும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து டாக்டர் சொன்னதையே அவர் மனதில் ஓட்டிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் என்பதால் ஊருக்கே அவர் மாஸ்டர். வண்டியின் தலையில் பயிற்சிப் பலகை. பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இன்னொரு பிரேக், கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் கட்டியவளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. "உன்னைத் திட்டிட்டு நான் எங்க போய்ச் சாப்பிடுறது?" என்பார். கீமோ தொடங்கிய பிறகுதான் வேறு வழியில்லாமல் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இன்றைக்கும் யூ டர்ன் என்றால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடுவாள். அவர் கால் அந்தப் பிரேக்குக்கு மேலே காவல் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ப்ராஸ்டேட்டில் தொடங்கிய கேன்சர் எலும்புக்கு வந்து நாளாகிறது. கீமோ கொஞ்ச காலம் அதை அடக்கி வைத்திருந்தது. இப்போது ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்கிற கேன்சர் அளவு மறுபடி தலைதூக்கிவிட்டது. சற்று முன்பு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "வேற கீமோ மருந்து ஒண்ணு இருக்கு. இல்லன்னா நரம்புல ஏத்துற கதிர்வீச்சு மருந்து. கேன்சரைத் தேடிப்போய் அடிக்கும். ஆனா உங்களுக்கு அது பொருந்துமான்னு முதல்ல ஒரு ஸ்கேன் பார்த்துடணும்."

அந்த ஸ்கேன்தான் மாஸ்டரின் நெஞ்சில் முள்ளாக நின்றது. பார்த்து, பொருந்தாது என்று சொல்லிவிட்டால்? பார்க்காதவரை அந்தக் கதவு திறந்தே இருக்கும் அல்லவா?

"கீமோவே போட்டுடுங்க டாக்டர்."

"போன கீமோவுல கால் மரத்துப்போச்சா? நடக்கும்போது தரை தெரியுதா? புது மருந்துலயும் அந்தத் தொந்தரவு கூடலாம். அதனாலதான் கேக்குறேன்."

"சேச்சே. கல்லு மாதிரி இருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பெருமையாகத் தலையாட்டினாள். அவளுக்கு எங்கே தெரியும்? மாஸ்டர் பஞ்சு மேல் நடப்பதுபோலத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாடிப்படியில் செருப்பு கழன்று பின்தங்கிவிட்டது. மேலே போய்க் குனிந்து பார்த்தபிறகுதான் அது காலில் இல்லையென்று தெரிந்தது. மரத்துப்போச்சு என்றால் கீமோவும் கிடையாது என்பார்கள். ஸ்கேனும் கைவிரித்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? அந்தக் கேள்வியின் விளிம்புக்கு வந்ததும் அவர் மனது ஒவ்வொரு முறையும் திரும்பி ஓடிவந்தது.

வண்டிக்குப் பின்னால் ஹாரன் கதறியது. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலோரம் வந்து, "அக்கா, பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கருகுற வாடை வேற அடிக்குது, ஓரங்கட்டுங்க" என்று கத்திவிட்டுப் போனான்.

அவள் ஓரமாக நிறுத்தினாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு மெதுவாக அவர் பக்கம் திரும்பிக் கீழே பார்த்தாள். அவருடைய வலது கால் இரண்டாவது பிரேக்கின் மேல் முழுப் பாரத்தோடு கிடந்தது.

"என்னங்க... நீங்கதான் மிதிச்சுக்கிட்டு வர்றீங்க."

"நானா?" மாஸ்டர் குனிந்தார். பார்த்த பிறகும் அது வேறு யாருடைய காலோ போலத்தான் இருந்தது. 'பிரேக் என்ன, கால் வெச்சுக்கிற முக்காலியா?' என்று எத்தனை பேரை அவர் வறுத்தெடுத்திருப்பார்!

கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கித்தான் காலை எடுத்தார். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

அவர் காலைக் கையாலேயே ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"டாக்டரம்மா நேருக்கு நேரா கேட்டாங்களே! நானும் மாடு மாதிரி தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே!"

"சொன்னா கீமோ இல்லன்னுடுவாங்க. அப்புறம் ஸ்கேனும் சரியில்லன்னா... பயமா இருக்கு புள்ள."

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு மட்டும் என்னவாம்? கால் தெரியாத மனுஷனுக்கு மேல மேல அதே விஷத்தை ஏத்தச் சொல்றீங்களா? நாளைக்கு நீங்க விழுந்தா தூக்குறது யாரு?" மூச்சு வாங்கினாள். "டாக்டரம்மா இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க. போய்ச் சொல்லிடலாம். ஸ்கேன் பார்த்துடலாம்."

"பொருந்தலன்னு வந்துட்டா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். எதிரே பெரிய சந்திப்பு. ஆஸ்பத்திரிக்குப் போக அங்கேதான் யூ டர்ன் அடிக்க வேண்டும். லாரிகள் இடைவெளி விடாமல் வந்துகொண்டிருந்தன.

"காலை மேல எடுத்துக்குங்க" என்றாள்.

"நீ தடுமாறினா?"

"உங்க கால் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. அது எனக்கு என்னத்தைக் காப்பாத்தும்?"

மாஸ்டர் ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி, இருக்கையின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் வண்டியை நகர்த்தினாள். சட்டென்று இழுத்தது. சந்திப்பில் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கியது.

"கண்ணாடியைப் பாரு" என்றார் பழக்கதோஷத்தில்.

"பார்த்துட்டேன். லாரி வருது."

"தூரத்துலயா?"

அவள் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தாள். வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பத் தொடங்கியது. மாஸ்டர் தன் பாதங்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். கீழே, யாரும் மிதிக்காத அந்தப் பிரேக், வண்டியின் குலுக்கலில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.