பூட்டிய வண்டியில் குண்டூசி

பணிமனையில் அந்த ரோந்து வண்டி காலை எட்டு மணியிலிருந்து நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் நாய்ப் பிரிவுக் காவலர். கால் மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் வண்டிக்குள் தொங்கவிட்டிருந்த வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அண்ணே, மூணு மணி நேரம் ஆச்சு. எஞ்சின் ராஜா மாதிரி ஓடுது. நிறுத்திடட்டுமா?" என்றான் மெக்கானிக்.

"ஓடட்டும் தம்பி. தானா நிக்குதான்னு பாக்கணும்."

"இது தானா நிக்காதுண்ணே. வேணும்னா எழுதித் தர்றேன்."

"எழுதிக் கையெழுத்துப் போடு. தேதியையும் போடு."

அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். அதை வைத்து ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் போகிறார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

பதினேழு நாட்களுக்கு முன்னால் இதே வண்டியில்தான் குண்டூசி செத்துப்போனது. ஐந்து வயதுப் பெண் நாய். குண்டூசி விழுந்தால்கூடக் காதை நிமிர்த்தும் என்பதால் அந்தப் பெயர். ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்லக் காவலர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். ஏசியை ஓடவிட்டு, "வண்டிய நிறுத்தாத, இந்த இடத்த விட்டு நகராத" என்று டிரைவரிடம் இரண்டு முறை சொன்னார். அவனும் தலையை ஆட்டினான். அரை மணி நேரம் என்று போனவர் திரும்பி வரும்போது இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது. எஞ்சின் நின்றிருந்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. டிரைவரைக் காணோம். பின்னால் ரப்பர் விரிப்பு நகத்தால் கிழிபட்டிருந்தது. அதன் மேல் குண்டூசி நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது.

"நமக்கு வேர்க்கிற மாதிரி நாய்க்கு வேர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளும். உள்ள இருக்கிற காத்தே கொதிக்கும்போது அது எங்க தள்ளும்?" என்றார் கால்நடை மருத்துவர். "கண்ணாடிய ரெண்டு விரல் இறக்கி வச்சாலும் பிரயோஜனம் இல்ல. வெயில்ல நின்னா பத்து நிமிஷத்துல உள்ள அடுப்பாயிடும்."

டிரைவர் ஒரே பாட்டைத்தான் பாடினான். "எஞ்சின் தானா நின்னுபோச்சு சார். நான் என்ன பண்ணட்டும்?" அலுவலகமும் அதை நம்பத் தயாராக இருந்தது. இயந்திரத்தின் மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் வசதி. அது எதிர்த்துப் பேசாது, மேல்முறையீடும் செய்யாது.

வீட்டில் காவலர் சரியாகச் சாப்பிடவில்லை, சவரம் செய்யவில்லை. யார் யாரைச் சாட்சிக்கு இழுப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் வேலை போனா குண்டூசி எழுந்து வந்துடுமா?" என்று கேட்டாள் மனைவி.

"வராது."

"அவனுக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு."

"அத நினைச்சுப் பயந்துதான் பொய் சொல்றான். நல்லாப் பயப்படட்டும். என் தூக்கம் போன மாதிரி அவன் தூக்கமும் போகட்டும்."

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி அம்மையார். இந்தப் பக்கம் காவலரும் டிரைவரும். மெக்கானிக்கின் கடிதத்தைப் படித்ததுமே டிரைவரின் முகம் வெளிறியது. காவலர் அடுத்த சாட்சியை அழைத்தார். நீதிமன்ற வாட்ச்மேன். நான்கு நாள் அலைந்து தேடிப் பிடித்த ஆள்.

"இந்தத் தம்பிதான் நிறுத்தினாரு," என்றார் வாட்ச்மேன் நிதானமாக. "புகை வருதுன்னு மாடியில இருந்து யாரோ சத்தம் போட்டாங்க. இவரு வண்டிய அணைச்சுட்டு, சாவிய எடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போனாரு."

டிரைவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "அஞ்சு நிமிஷம்னுதான் போனேன் மேடம். தெரிஞ்சவர் ஒருத்தர் வந்தாரு. பேச்சு வளந்துடுச்சு."

காவலருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. குண்டூசி போனதிலிருந்து முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதிகாரி வாட்ச்மேனை விடவில்லை. "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. உள்ள நாய் இருக்குன்னு தெரியலையா?"

"கறுப்புக் கண்ணாடிம்மா, ஒண்ணும் தெரியாது. வெயிலுக்கு நான் அந்த வண்டி நிழல்லதான் உக்காந்திருந்தேன். ஒரு தடவை குரைச்சிருந்தா கல்ல எடுத்து உடைச்சிருப்பேன். என் வீட்டுலயும் நாய் இருக்கு. ஒரு சின்னச் சத்தம்கூட வரல."

அதிகாரி காவலரின் பக்கம் திரும்பினார். "உள்ள வெந்துக்கிட்டிருந்த நாய் ஏன் குரைக்கல?"

காவலர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"வண்டிக்குள்ள குரைக்கக் கூடாதுன்னு பழக்கியிருக்கு மேடம். திருடன் உஷாராயிடுவான்."

"பழக்கினது யாரு?"

"நான்தான்."

மூன்று மாதம் பழக்கினார். குரைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவார். சத்தம் போடாமல் இருந்தால் ஓடிவந்து கதவைத் திறப்பார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் வருவார் என்று அது கற்றுக்கொண்டது. அன்றைக்கும் கொதிக்கிற வண்டிக்குள் அதைத்தான் செய்தது. இவர் வருவார் என்று சத்தமில்லாமல் காத்துக்கொண்டே இருந்தது.

"ரெண்டே கால் மணி நேரத்துல ஒரு தடவையாவது வெளிய வந்து பாத்தீங்களா?"

"இல்ல மேடம். எந்நேரமும் பேரைக் கூப்பிட்டுடுவாங்களோன்னு வராண்டாவுல ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தேன். அவன்கிட்ட சொல்லியாச்சேங்கிற தைரியம்."

டிரைவர் மெல்லத் தலையைத் தூக்கினான். தப்பித்துவிடலாம் என்ற ஆசை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. காவலர் அதைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"அவன விட்டுடாதீங்க மேடம். இங்க வர்ற வரைக்கும் அவன் ஒருத்தன ஒழிக்கணும்னுதான் இருந்தேன். இப்போ ரெண்டு பேர். வாய் இல்லாத உயிர வண்டிக்குள்ள பூட்டிட்டு, ஏசிய நம்பியோ இன்னொருத்தன நம்பியோ போறவன் எவனா இருந்தாலும் அவன் கொலைகாரன்தான். கூட்டிட்டுப் போக முடியாத இடத்துக்கு நாயக் கொண்டுபோகவே கூடாது. கொண்டுபோனா அத விட்டு நகரக் கூடாது. அத ஒவ்வொரு வண்டியிலயும் எழுதி ஒட்டுங்க. கீழ எங்க ரெண்டு பேர் பேரையும் போடுங்க. என் பேர் முதல்ல இருக்கட்டும்."