சல்ஃபைடு நாற்றம்

வாணலியில் உடைத்த முட்டை கூமுட்டையாகப் போய்விட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"இரும்மா, உடனே தொறக்காதே!" என்றாள் மாமியார்.

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமியாரோ கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் படித்த கல்லூரி ஆய்வகத்தில், இரும்பும் காட்மியமும் கலந்த கரைசலில் அமிலம் விட்டு, இதே நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்துவார்கள். இரும்பு கரைசலிலேயே தங்கிவிடும்; காட்மியம் மட்டும் மஞ்சளாய்ப் படியும். பக்கத்து மேசைக்காரன் ஓர் அவசரக்குடுக்கை. அமிலத்துக்குப் பதில் அம்மோனியாவை ஊற்றிவிட்டான். எல்லாம் சேர்ந்து கறுப்புச் சேறாய் இறங்கிவிட்டது. பேயறைந்தவன் போல நின்றவன், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன், அவளுடைய சோதனைக் குழாயை எட்டிப் பார்த்தான்.

"உங்களுக்கு என்ன கலர்ங்க வந்துச்சு?"

குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டியபடி வந்த மாமனார், சமையலறை வாசலில் நின்று ஒருமுறை முகர்ந்தார். இத்தனை வருடமாக மனைவியை 'ஏய்' என்றே கூப்பிட்டுப் பழகியவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்களுக்கு என்ன கலர்ங்க வந்துச்சு?"