அப்பா கட்டிலுக்கு மேல ஒரு எல்போ

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் சேர்ந்துதான் பிளம்பிங் வேலை பார்க்கிறாங்க. எங்க வீட்டு மாடிக் குளியலறைக்குக் குழாய் போடும்போது ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு. எதுக்குன்னு சொல்லவே வாய் கூசுது. ஸ்பேனரை எடுத்த இடத்துல வைக்காதது யாருங்கிறதுதான். பேச்சு நின்னுபோச்சு, வேலை மட்டும் நிக்கல. நடுவுல தூது போக நான் ஒருத்தி.

"உன் தம்பிகிட்ட சொல்லு, மாடிப் பக்கம் நான் ஒட்டுறேன்."

"மாமாகிட்ட சொல்லுக்கா, கீழ்ப் பக்கம் நான் ஒட்டுறேன்."

ரெண்டும் ஒரே அறையில நின்னுக்கிட்டு.

இந்த பிளாஸ்டிக் குழாய்க்கு நெருப்பு, பத்தவைப்பு எதுவும் வேண்டாம். முதல்ல எல்லாத்தையும் சும்மா சொருகி அளவு பார்ப்பாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா உருவி, பசை தடவி, அழுத்திப் பிடிப்பாங்க. கீழ நின்னு பார்த்தா, சொருகினது எது, ஒட்டினது எதுன்னு தெரியாது.

ரெண்டு பக்கக் குழாயும் சேர்ற வளைவுத் துண்டு, அதான் எல்போ, கீழ் அறைக் கூரையில, அப்பா கட்டிலுக்கு நேர் மேல. அப்பாவுக்குக் கைகால் விளங்காது, குரலும் எழும்பாது. அதனாலதான் ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்டேன், அதை ஒட்டியாச்சான்னு.

"உன் தம்பி ஒட்டியிருப்பான்."

"மாமா ஒட்டாம விடுவாரா?"

ஏறிப் பாருங்கன்னா, அவன் பார்க்கட்டும்னு இவரு, அவரு பார்க்கட்டும்னு அவன். சலிச்சுப்போய் நானே தண்ணி வால்வைத் திறந்துவிட்டேன்.

காலையில ஒண்ணும் ஆகல. மதியம் துணி காயப்போட்டுட்டு இறங்கி வந்தா, அப்பா அறை வாசல்ல தண்ணி. எல்போ கழண்டு தொங்குது. தண்ணி நேரா அவர் மூஞ்சியில கொட்டுது. தலையைத் திருப்பக்கூட முடியாம, வாயை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடக்காரு.

நான் போட்ட கூச்சல்ல ரெண்டு பேரும் ஓடிவந்து கட்டிலோட இழுத்தாங்க. எவ்வளவு நேரமா அப்படிக் கிடந்தாரோ.

எல்போவை அன்னைக்கே ஒட்டிட்டாங்க. இவர் பசை தடவ, அவன் அழுத்திப் பிடிச்சுக்கிட்டான். இப்ப ரெண்டு பேரும் நல்லாவே பேசிக்கிறாங்க, தப்பு யார் மேலன்னு.

கட்டிலை எதிர்ச் சுவர் ஓரமா மாத்திட்டேன். அப்படியும் மாடியில யாராவது குழாயைத் திறந்தா, அப்பா வாயை இறுக்கி மூடிக்கிறாரு.