சம்பந்தி வீட்டு டிராக்டர்

சொந்தக்காரரிடம் பழைய வண்டி வாங்குகிறவளை முட்டாள் என்று சொல்லலாம். சம்பந்தியிடம் வாங்குகிறவளுக்கு அந்தப் பட்டம்கூடப் போதாது. இது எனக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் போனால் கெட்டேன்.

எங்களுக்கு இருப்பது கொஞ்சம் நிலம், சில மாடுகள், கூரை ஒழுகாத ஒரு கொட்டகை. அத்தனையும் இதுவரை என் தோளில்தான் நின்றது. போன மழைக்காலத்தில் தீவன மூட்டையைத் தூக்கும்போது வலது தோளில் ஏதோ கிழிந்தது. இனிமேல் கனம் தூக்கினால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரைக் கேட்டால், தபால் ஆபீசில் காலம் தள்ளியவர், கவரைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாதவர். ஆக, முன்னால் லோடர் வைத்த சின்ன டிராக்டர் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் மாடுகளை விற்க வேண்டும். சாணம் அள்ளவும், மூட்டை ஏற்றவும், மழையில் கரைந்த பாதைக்கு ஜல்லி போடவும் ஓர் இரும்புக் கை. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் பக்கத்து மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய வண்டி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று அவனிடம் கேட்டேன். போனதும் இன்ஜின்மேல் கையை வைக்கச் சொன்னான். சூடாக இருந்தால், நான் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள், குளிரில் கிளம்பாத வண்டி என்று அர்த்தமாம். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட வேண்டுமாம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். லோடரை மேலே தூக்கி நிறுத்திவிட்டு இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்க வேண்டும். அதன் நுனியில் இருக்கும் அள்ளுகிற பக்கெட் இறங்கியிருந்தால் அந்த லோடர் எனக்கு வேலை செய்யாது, நான்தான் அதற்கு வேலை செய்ய வேண்டியிருக்கும் என்றான்.

கற்ற வித்தையை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பழைய வண்டி விற்கும் ஒரு யார்டில் நல்ல வண்டி பார்த்து வைத்திருப்பதையும் சொன்னேன். அவள் வீட்டில் போனில் பேசுவதும் மைக்கில் பேசுவதும் ஒன்று என்பதை மறந்து தொலைத்தேன். கல்யாணமானதிலிருந்து அவளும் மருமகனும் அந்த வீட்டு ஹாலில்தான் குடித்தனம். ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் திரைச்சீலை, நடுவில் கட்டில். இருக்கிற இரண்டு அறையில் ஒன்றில் சம்பந்தியும் அவர் மனைவியும், மற்றதில் அவருடைய மூத்த மகன் குடும்பம். பின்னால் இருக்கும் ஷெட்டை இளசுகளுக்கு வீடாக மாற்றித் தருகிறேன் என்று கல்யாணப் பேச்சிலேயே சம்பந்தி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஷெட்டில்தான் அவருடைய டிராக்டர் நின்றது. வண்டி போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார். வண்டியோ போகிற வழியாக இல்லை. முகம் தெரியாதவனுக்கு விற்க அவருக்கு மனசு வராது, முகம் தெரிந்தவனுக்கு வாங்க மனசு வராது.

போனில் திடீரென்று மகள் குரல் போய் சம்பந்தி குரல் வந்தது.

"நம்ம வீட்டுலயே வண்டி நிக்குது, நீங்க யார்டு யார்டா அலையறீங்க. கேள்விப்படறவங்க என்ன நெனைப்பாங்க, சம்பந்தி?"

நான் திறந்த வாயை மூடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதாக என் வீட்டுக்காரர் போனை வாங்கி ஒப்புக்கொண்டுவிட்டார். தலையாட்டுவதற்குப் பரிசு கொடுத்தால் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. வண்டி நன்றாக இல்லாவிட்டால் எப்படி வேண்டாம் என்பது? நான் ஒரு வார்த்தை ஏடாகூடமாகச் சொன்னால், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த வார்த்தை அங்கேயே தங்கிவிடும். என் மகள் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அவள் கூடவே சுற்றும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. என் தோள் போனாலும் போகட்டும், அவள் தலையில் எதுவும் விழக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். சம்பந்தி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டியைப் பெண் பார்க்க வந்தவர்களைப்போல எங்களை ஷெட்டுக்கு அழைத்துப் போனார். வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். துருப்பிடித்த இடத்தில் புதுப் பெயின்ட் பளபளத்தது. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது, இது விலைக்கு வரும் மாடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தூசி தட்டுகிற மாதிரி பானட்டைத் திறந்து இன்ஜின்மேல் கையை வைத்தேன்.

சுட்டது.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலையிலேயே சூடேற்றி வைத்துவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நிற்கிறாரே மனுஷர் என்று பல்லைக் கடித்தேன். அவரோ சாவியைப் போட்டு ஒரே தட்டில் வண்டி கிளம்பியதும் என்னைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது, பால் இல்லை. அந்த வழியும் அடைபட்டது.

லோடர் மட்டும்தான் மிச்சம். தூக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே மேலே போனது. பக்கெட்டின் உதடு சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டின் மேல் விளிம்புக்கு நேராக வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அடியில் பார்க்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், அப்படியே இருக்கட்டும் என்றேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். பக்கெட் ஒரு முழமாவது இறங்கினால் போதும், வாயைத் திறக்காமலே எல்லோருக்கும் புரிந்துவிடும், பழி இரும்பின்மேல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

சாப்பாடு முடிகிற வழியாக இல்லை. திரைச்சீலைக்கு முன்னால்தான் மேஜை போட்டிருந்தார்கள். யாராவது நாற்காலியை நகர்த்தினால் சீலை விலகி மகளின் கட்டில் தெரிந்தது. தலையணைமேல் யாரோ ஒரு குழந்தையின் பள்ளிக்கூடப் பையை வைத்திருந்தார்கள். மூத்தவர் மகன் உள்ளே ஓடிக் கட்டிலில் குதித்துவிட்டு வந்தான். சம்பந்தியம்மா எதையோ தேடிக்கொண்டு சீலையைத் தள்ளி உள்ளே போய் வந்தார். யாருக்கும் அது ஒரு அறை என்ற நினைப்பே இல்லை. மருமகன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல பையன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் அப்பாவைக் கேட்கிறேன் என்பார். நடுவில் மகள் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போனாள். தண்ணீர் வர வெகு நேரம் ஆனது. வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

கை கழுவப் போகிற சாக்கில் நான் தனியாக ஷெட்டுக்கு நழுவினேன்.

பக்கெட் இறங்கவில்லை. ஸ்விட்ச் போர்டுக்கு நேராக, கோடு போட்ட மாதிரி அப்படியே நின்றது. நல்ல வண்டி கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவள், தப்பிக்க வழியில்லையே என்று தவித்தேன். அப்புறம்தான் உறைத்தது. புது லோடரே ஒரு மயிரிழையாவது இறங்கும். இது எப்படி இம்மிகூட இறங்காமல் நிற்கிறது?

சுவர்ப் பக்கம் தார்ப்பாய் தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து லோடர் கைக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தது. வழுக்காமல் இருக்கக் கட்டையின் தலையில் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் பூப்போட்ட துணி. போன வருஷம் நானே மகளுக்குத் தைத்துக் கொடுத்த நைட்டியின் கை அது.

பின்னால் அவள் வந்து நின்றாள். திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மாமாவுக்கு இது தெரியாதும்மா," என்றாள். "அவரு வண்டி ஓட்டியே ரொம்ப நாளாச்சு. நான்தான் ஓட்டறேன். காலையில நான்தான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். கிளம்பவே மாட்டேன்னுச்சு. சாப்பாட்டு நடுவுல வந்து, எறங்கினதை ஜாக்கி வெச்சு ஏத்தி முட்டுக் கொடுத்ததும் நான்தான்."

"பெத்தவளையே ஏமாத்தப் பார்த்தியாடி?"

"ஆமா."

இப்படி ஒப்புக்கொண்டால் மேலே என்னத்தைத் திட்டுவது? அந்த அப்பாவி மனுஷரை மனசுக்குள் என்னவெல்லாம் வைதேன் என்பது வேறு நினைவுக்கு வந்தது.

"இது இங்க நிக்கிற வரைக்கும் எனக்கு ரூம் கெடையாது. உன்னைவிட்டா வாங்க ஆளும் கெடையாது," என்றாள். "ஒரு கதவு இல்லம்மா எனக்கு. அழணும்னாக்கூட பாத்ரூமுக்குத்தான் போகணும். அங்கயும் யாராவது வந்து தட்டுவாங்க."

"எங்கிட்ட நேராக் கேட்டா என்ன?"

"எங்க நின்னு கேக்கறது?"

நிஜம்தான். என் வீட்டுக்கு வந்தாலும் மாமியாரோ மூத்தவர் குழந்தையோ கூடவே வந்தார்கள். போன் என்றால் ஹால். இவ்வளவு நாளாக என் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. தார்ப்பாயைப் பழையபடி இழுத்துவிட்டேன். சம்பந்தி முன்னால் வர, என் வீட்டுக்காரர் இப்போதே தலையாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பக்கெட்டையும் ஸ்விட்ச் போர்டையும் பார்த்துச் சம்பந்திக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் ஏன் அப்படி நிறுத்தச் சொன்னேன் என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"பாத்தீங்களா, எறங்கவே இல்ல."

"ஆமா சம்பந்தி," என்றேன். "வண்டின்னா இது வண்டி. இன்னிக்கே எடுத்துக்கறோம்."

வெயிலாறட்டும், நாலு பேரைக் கேட்டு நல்ல நாள் பார்க்கலாமே என்று அவர் இழுத்தார். நாள் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு மாறிவிடுவார், வண்டி போனாலும் அந்த இடத்தில் மூட்டையை அடுக்குவார் என்று எனக்குத் தெரியும். காலியிடத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வண்டி போனதும் ஷெட்டின் முன் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடலாம். பக்கவாட்டில் ஒரு வாசல் இருந்தது. நிலை இருந்தது, கதவு இல்லை, தகரம்தான் சாத்தியிருந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இடது கையால் சாண் போட்டு அளந்தேன். எங்கள் வீட்டில் ஒரு கதவு சும்மா கிடக்கிறது, நாளைக் காலையில் கொண்டுவந்து மாட்டிவிடுகிறோம், சின்னஞ்சிறுசுகள் அன்றைக்கே உள்ளே வரட்டும் என்றேன். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷரால் மறுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் முதல்முறையாகத் தலையாட்டாமல் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சும்மா கிடக்கவில்லை.

வண்டியை வெளியே எடுக்கும் முன், லோடரைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். மகள் சத்தமில்லாமல் முட்டுக்கட்டையை உருவி மறைத்துவிட்டாள். வழியெல்லாம் பக்கெட் தலை கவிழ்ந்து கவிழ்ந்து இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் தூக்கித் தூக்கி, வீடு வருவதற்குள் எனக்கு இடது கையும் விட்டுப்போனது.

அன்று சாயங்காலமே எங்கள் படுக்கையறைக் கதவைக் கழற்றினோம். என் வீட்டுக்காரர் திருகாணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கவரில் போட்டு ஒட்டினார். தபால் ஆபீஸ் புத்தி.

மறுநாள் காலையில் கதவைப் பக்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். வண்டி குளிரில் கிளம்பாமல் முக்கி முனகியது தனிக்கதை. கூட வந்த தச்சர் கீழ்விளிம்பில் அரை விரல் அளவு சீவி மாட்டினார். மருமகன் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். ஹாலில் இருந்த எல்லோரும் ஷெட்டுக்குள் வந்து நின்றுகொண்டு, பீரோவை எங்கே வைப்பது, துணியை எங்கே காயப்போடுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மகள் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினாள். கூட்டிவிட்டு வருகிறேன், கொஞ்சம் நில்லுங்கள் என்றாள். புருஷனையும் அனுப்பினாள். கடைசியாக என்னையும் அனுப்பினாள்.

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர், இரண்டு தட்டுத் தட்டினால்தான் விழும். இரண்டு தட்டும் கேட்டது.

வெளியே எல்லோரும் காத்திருந்தோம். துடைப்பச் சத்தம் வரவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை. பக்கத்தில் நின்ற டிராக்டரில் பக்கெட் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. நல்லவேளை, யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கதவின்மேல்தான் இருந்தது.

"உள்ள என்ன பண்றா இவ்வளவு நேரம்?" என்று சம்பந்தி தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

சம்பந்தி கையைப் பிடிப்பது மரியாதையில்லை என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. டாக்டர் தூக்கக்கூடாது என்று சொன்ன வலது கையாலேயே எட்டிப் பிடித்தேன்.

"தட்டாதீங்க," என்றேன்.